பொறியாளர் சங்கத்துக்கு உள்ளூர்க் கிளை எதற்கு? வேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் எளிய விளக்கம்

நான் தனியாகப் பொறுப்பேற்றுப் போட்ட முதல் மாடித்தளம் குடியாத்தத்தில், ஒரு மே மாதத்தில். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை உறுதியாக இருந்தது, கம்பி ஒழுங்காகக் கட்டியிருந்தது, சிமென்ட் புதிது, ஜல்லியில் தூசி இல்லை. கலவை மெஷின் வரத் தாமதமானதால் காலை பத்து மணிக்குத்தான் வேலை ஆரம்பித்தது. மதியம் மூன்றரைக்கு முடித்தோம். ஐந்து மணிக்கு மேலே ஏறிப் பார்த்தால், வற்றிப்போன ஏரியின் வண்டல் வெடித்திருப்பதுபோல தளம் முழுக்கக் கீறல்கள்.

மேஸ்திரி சிமென்ட்டைக் குறை சொன்னார். சிமென்ட் கடைக்காரர் தண்ணீரைக் குறை சொன்னார். வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடு இரண்டு நாள் தூக்கமில்லாமல் இருந்தேன். என்னோடு படித்த நண்பன் ஒருவன், "சனிக்கிழமை சாயங்காலம் வேலூர்ல இன்ஜினியர்ங்க கூட்டம் இருக்கு, வா, யார்கிட்டயாவது கேட்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனான்.

கூட்டம் முடிந்ததும், ஓய்வுபெற்ற ஒரு மூத்த பொறியாளரிடம் செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "தம்பி, வெடிப்பு அன்னிக்கே வந்துதா, மறுநாளா?" அன்றைக்கே என்றேன். "காத்து அடிச்சுதா?" நல்ல காற்று, சூடான காற்று என்றேன். "போட்டு முடிச்சதும் மேல எதையாவது மூடினீங்களா?" இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னது இதுதான். கான்கிரீட்டைக் கொட்டி மட்டப்படுத்தியதும், கனமான ஜல்லியும் மணலும் மெல்ல அடியில் படியும். கொஞ்சம் தண்ணீர் மேலே ஊறி வரும். வெயிலும் காற்றும் அந்தத் தண்ணீரை, அது ஊறி வருவதைவிட வேகமாக உறிஞ்சிவிட்டால், மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும். அடியில் இருப்பது இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த நேரத்தில் கான்கிரீட்டுக்குப் பலம் என்று எதுவும் வந்திருக்காது, அதனால் தோல் கிழிந்துவிடும். ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும் நிலை வந்தாலே இந்த ஆபத்து இருக்கிறது என்பது பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. சிமென்ட், தண்ணீர், மேஸ்திரி எவர்மேலும் பழி இல்லை. நான் தளம் போட்ட நேரமும், போட்டு முடித்ததும் மூடாமல் விட்டதும்தான் காரணம்.

அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. "வருஷா வருஷம் மே மாசத்துல நாலு பேராவது இதே படத்தைக் கொண்டுவந்து காட்டுறாங்க." இந்த ஊரில் என்னைப் போல ஒவ்வொருவரும் தனித்தனியாக இதே தவறைச் செய்து, தனித்தனியாகத் தூக்கம் கெட்டிருக்கிறோம். அதை ஒரே இடத்தில் சொல்லியிருந்தால் ஒருவர் பட்டதோடு முடிந்திருக்கும். பொறியாளர் சங்கம் என்றால் என்ன, அதற்கு ஏன் ஊருக்கு ஊர் கிளை வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், நான் அந்த நாற்காலியிலிருந்துதான் சொல்ல ஆரம்பிக்கிறேன்.

சங்கம் என்றால் எது, எது இல்லை

கட்டடம், பாலம், சாலை போடும் பொறியாளரை 'சிவில்' இன்ஜினியர் என்கிறோம். முதலில் அந்தச் சொல். பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் பொறியாளர் என்றாலே பெரும்பாலும் படைக்கு வேலை செய்பவர். கோட்டை, அகழி, பீரங்கி மேடை கட்டுவது அவர் தொழில். பாலம், கால்வாய், கலங்கரை விளக்கம் என்று குடிமக்களுக்காக வேலை செய்த ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயர், தன்னை வேறுபடுத்திக் காட்ட 'சிவில்' இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார். வேலூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோட்டை மதிலும் அகழியும் அந்தப் பழைய படைத் தொழில். காவேரிப்பாக்கம் ஏரியும், தண்ணீர் திறந்துவிடும் அதன் மதகும், மிகைநீர் வழியும் கலங்கலும் சிவில்.

லண்டனில் 1818இல் சில இளம் பொறியாளர்கள் ஒரு காப்பிக் கடையில் கூடினார்கள். அவர்கள் தொழிலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் அன்றைக்கு அங்கே இல்லை. ஒருவர் அனுபவத்தை இன்னொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்றுதான் வழி. அப்படித் தொடங்கியதுதான் பிரிட்டனின் சிவில் பொறியாளர் சங்கம். இரண்டு வருஷம் கழித்து, பாலங்களுக்கும் சாலைகளுக்கும் பேர்போன தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக்கினார்கள். 1828இல் அரச சாசனம் கிடைத்தது. பெரியவர்கள் கூடி இளையவர்களுக்காக ஏற்படுத்தியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இளையவர்கள் ஆரம்பித்து, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அமெரிக்காவில் 1852இல் பன்னிரண்டு பேர் சேர்ந்து இதேபோல ஒன்றைத் தொடங்கினார்கள். ஜப்பானில் 1914இல். இந்தியாவில் எல்லாத் துறைப் பொறியாளர்களுக்கும் பொதுவான இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920இல் சென்னையில் பதிவாகி, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்து, 1935இல் அரச சாசனம் பெற்றது. சிவில் துறைக்குள்ளேயே தனித்தனி விஷயங்களுக்கும் தேசிய அமைப்புகள் உண்டு. சாலைக்கு 1934இல் வந்த இந்தியச் சாலை காங்கிரஸ். மண்ணுக்கும் அடித்தளத்துக்கும் 1948இல் தொடங்கிய இந்திய மண்ணியல் பொறியியல் சங்கம். கான்கிரீட்டுக்கு 1982இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வந்த இந்தியக் கான்கிரீட் நிறுவனம். ஒருவரே இரண்டு மூன்றில் உறுப்பினராக இருப்பது சாதாரணம்.

புதிதாக வருகிறவர்களுக்கு வரும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இது தொழிற்சங்கம் கிடையாது. சம்பளத்துக்காகக் கொடி பிடிக்காது. ஒப்பந்தக்காரர்கள் சங்கமும் கிடையாது. அவர்களுக்கு வேறு அமைப்புகள் இருக்கின்றன. அரசு அலுவலகம் அல்லவே அல்ல. இதில் உறுப்பினராகிவிட்டால் வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை தானாக வந்துவிடாது. தமிழ்நாட்டில் அதற்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உரிய அதிகாரியிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சங்கத்தின் வேலை அறிவைப் பகிர்வது, தொழிலுக்கு ஓர் ஒழுக்கத்தைக் காப்பது. ஒழுக்கம் என்றால் பெரிய வார்த்தையாக இருக்கலாம். பொதுமக்களின் பாதுகாப்புதான் முதலில், பணம் கொடுப்பவரின் விருப்பம் அதற்கு அடுத்துத்தான் என்பதே அதன் சாரம். இதை ஏற்று நடப்பேன் என்று சொல்லித்தான் ஒருவர் உறுப்பினராகிறார்.

தலைமையகத்தால் முடியாத வேலை

நாடு முழுவதற்குமான சங்கம் ஒன்று மேலே இருக்கும். அதற்குக் கீழே மாநில அளவில் ஒரு மையம், அதற்கும் கீழே ஊர் அல்லது மாவட்ட அளவில் கிளை, கல்லூரிகளில் மாணவர் பிரிவு. பெயர் அமைப்புக்கு அமைப்பு மாறும். அடுக்கு பெரும்பாலும் இதுதான். தலைமையகம் இதழ் வெளியிடும், தேசிய மாநாடு நடத்தும், உறுப்பினர் தரத்தை முடிவு செய்யும். அதெல்லாம் தேவைதான். ஆனால் பாலாற்று மணலைப் பற்றியோ ஆம்பூர் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியோ கல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்து சொல்ல முடியாது. கிளைக்கு இருக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது, பிறகு மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நிர்வாகத்தைப் பிரிக்கலாம். ஆற்றையும் பாறையையும் வெயிலையும் யாராலும் பிரிக்க முடியவில்லை. வாணியம்பாடியில் பெய்த மழை வாலாஜா அணைக்கட்டுக்குத்தான் வருகிறது. ஆகவே இந்த வட்டாரப் பொறியாளர்கள் ஒரே இடத்தில் கூடிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

கிளையின் செயல்பாடுகளில் மிகப் பழையதும், என் பார்வையில் மிக உயர்ந்ததும் மாலைக் கூட்டம்தான். மாதம் ஒருமுறை, ஒரு கல்லூரி அரங்கிலோ ஓட்டல் மாடியிலோ நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார், அரை மணி நேரம் கேள்வி. பேச்சாளர் பேராசிரியராக இருக்கலாம், பொதுப்பணித் துறையில் இருந்தவராக இருக்கலாம், தளத்தில் வேலை செய்யும் இளைஞராகவும் இருக்கலாம். இந்தப் பக்கத்தில் அப்படிப் பேசவேண்டிய விஷயங்கள் எவை என்று சொன்னால், கிளை எதற்கு என்பது தானாகப் புரியும்.

முதலாவது தண்ணீர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களின் வரிசை எல்லோருக்கும் தெரியும். தோலைக் கெடாமல் வைக்க உப்பு போடுவார்கள். அந்த உப்பு கழிவோடு பல ஆண்டுகளாக மண்ணுக்குள் போனது. உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த மண்ணிலிருந்து போன வழக்கு அது. குடிநீர், விவசாயம் பற்றி இதில் நிறையப் பேசியிருக்கிறோம். கட்டடத்துக்கு இதனால் என்ன என்பதை அவ்வளவு பேசவில்லை.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிப்பதில்லை? சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கூரையின் அடிப்பக்கம் உப்பி, பெயர்ந்து, கம்பி வெளியே தெரியும். அப்போது கட்டியவரைத் தேடினால் அவர் எங்கேயோ இருப்பார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐஎஸ் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை போகலாம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6க்குக் குறையக் கூடாது. இந்த எண்கள் புத்தகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கின்றன. எந்தத் தெருவில் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் தொடக்கூடாது என்பது மட்டும் உள்ளூரில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது விஷயம் ஆறு. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. பார்த்தால் பயம் வராது. 2021 நவம்பரில் அது எப்படி ஓடியது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தரைப்பாலங்கள் போயின, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அந்த மழைக்காலத்துக்குப் பிறகு டிசம்பரில், முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையில் பொன்னையாற்றின் மேலுள்ள ரயில் பாலத்தில் பழுது தெரிந்து ரயில்களை நிறுத்தினார்கள். காட்பாடி வழியாக ஓடும் எத்தனை ரயில்கள் அந்த ஒரு பாலத்தை நம்பியிருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது.

மணல் ஆற்றில் பாலத்துக்கு வரும் பெரிய ஆபத்து அரிப்பு. வெள்ளம் தூணில் மோதும்போது தண்ணீர் கீழ்நோக்கிச் சுழன்று, தூணின் அடியிலுள்ள மணலைத் தோண்டி எடுத்துவிடும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழி மிக ஆழமாக இருக்கும். அந்த நேரத்தில் யாராலும் இறங்கிப் பார்க்க முடியாது. வெள்ளம் வடியும்போது அதே தண்ணீர் புதிய மணலைக் கொண்டுவந்து குழியை நிரப்பிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும். ஆனால் நிரம்பியது தளர்ந்த மணல், முன்பிருந்த பிடிப்பு அதில் இருக்காது. ஆற்றில் மணலை அளவுக்கு மீறி அள்ளினால் படுகையே கீழே இறங்கி, தூணின் அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கும் ஆழம் குறையும். அடுத்த வெள்ளத்துக்கு அது பாதி தோண்டிவைத்த குழி. கிளைக் கூட்டத்தில் இதைப் படம் போட்டு விளக்குகிற ஒரு மாலை, வருகிறவர்களில் பத்துப் பேரையாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பாலங்களின் அடியில் போய்ப் பார்க்கவைக்கும் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

நில அதிர்வையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. நில அதிர்வுக்கான ஐஎஸ் 1893 நெறிமுறையின் 2002 திருத்தப்படி வேலூர் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது, அதாவது மிதமான ஆபத்து. 2021 நவம்பர் 29 அன்று வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் ஓர் அதிர்வு பதிவானது. சேதம் பெரிதாக இல்லை. ஆனாலும் கீழே கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டு, மேலே செங்கல் சுவரோடு மூன்று மாடி எழுப்பும் வீடுகள் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பெருகிவருகிற காலத்தில், தரைத்தளத்துத் தூண்களுக்கு வளையக் கம்பியை எவ்வளவு நெருக்கமாகக் கட்ட வேண்டும் என்பதைப் பேசாமல் விடக்கூடாது.

தளத்துக்குப் போய்ப் பார்ப்பது

மாலைக் கூட்டத்துக்கு அடுத்து கிளைகள் செய்வது களப் பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுமானத்தையோ பழைய அமைப்பையோ பார்க்கப் போவது. வேலூர்ப் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. வாலாஜாவுக்குப் பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டு, அங்கிருந்து கால்வாய் பிடித்து நிரம்பும் காவேரிப்பாக்கம் ஏரி, மகேந்திரவர்மன் காலத்து மகேந்திரவாடி ஏரி, குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா அணை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையும் இங்கே வந்துதான் முடிந்தது.

ஏரியைப் பார்க்கப் போனால் கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஓர் ஏரி என்பது வரத்துக்கால்வாய், கரை, மதகு, கலங்கல், பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தது. இதில் ஒன்று செத்தாலும் மற்றது பயனில்லை. கோட்டை அகழியில் இதை நேரிலேயே பார்த்தோம். 2021 மழையில் அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வருகிற வழியைக் கட்டியவர்கள், மிஞ்சியது போகிற வழியையும் கூடவே கட்டுவார்கள். போகிற வழியைப் பராமரிக்க வேண்டும் என்ற நினைவு நமக்கு மழை வந்த பிறகுதான் வருகிறது. சிவில் படிக்கும் மாணவர்களை இந்த இடத்துக்குக் கூட்டிப்போய், மிகைநீர் எங்கே போகும் என்று அவர்களையே தேடச் சொன்னால் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் சொல்வதை ஒரு காலையில் கற்றுக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் ஜப்பானியர்களின் ஒரு வழக்கம் எனக்கு ஆசையாக இருக்கும். அவர்களுடைய தேசியச் சங்கம் வட்டாரம் வாரியாக எட்டுக் கிளைகளாக வேலை செய்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் பழைய பாலங்கள், அணைகள், கால்வாய்களைத் தேர்ந்தெடுத்துப் பொறியியல் மரபுச் செல்வம் என்று அறிவிக்கிறார்கள். நவம்பர் 18 அவர்களுக்கு சிவில் பொறியியல் நாள். அந்தத் துறையைக் குறிக்கும் அவர்களுடைய இரண்டு எழுத்துகளைப் பிரித்தால் பதினொன்று, பதினெட்டு என்ற எண்களுக்கான எழுத்துகள் கிடைக்கும், அதனால் அந்தத் தேதி. நமக்கு விஸ்வேஸ்வரய்யா பிறந்த செப்டம்பர் 15 பொறியாளர் நாள். அன்றைக்கு மாலை போட்டுப் பேசிவிட்டுக் கலைவதோடு, நம் மாவட்டத்து மதகுகளில் ஒன்றுக்கு ஒரு பலகை வைத்து, யார் கட்டியது, எப்படி வேலை செய்கிறது என்று எழுதிவைக்கலாம்.

அமெரிக்கச் சங்கம் செய்வது வேறு மாதிரி. நாட்டின் சாலை, பாலம், குடிநீர், கழிவுநீர் என்று ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதுபோல மதிப்பெண் அட்டை வெளியிடுகிறது. 2021இல் மொத்தத்துக்கும் சி மைனஸ் கொடுத்தார்கள், 2025இல் சி. அங்கே மாநிலங்களுக்கும் தனித்தனி அட்டை வருகிறது, அதை அந்தந்த மாநிலத்துக் கிளைகளில் இருக்கும் பொறியாளர்கள்தான் தங்கள் சொந்த நேரத்தில் உட்கார்ந்து தயாரிக்கிறார்கள். பொதுமக்களுக்குப் புரிகிற மொழியில், ஒரு பக்கத்தில். இதைப் படித்தபோது, வேலூருக்கு ஒரு மழைநீர் வடிகால் அட்டை போட்டால் என்ன எழுத்து கிடைக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மேஸ்திரிக்கும் மாணவருக்கும்

பொறியாளர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. கலவையில் கடைசி வாளித் தண்ணீரை ஊற்றுவது கலவை போடுபவர். கலவை இளகலாக இருந்தால் சட்டியில் கொண்டுபோய்க் கொட்டுவது சுலபம், அதனால் ஊற்றுகிறார். அவர்மேல் தப்பில்லை, யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம்20 தரக் கான்கிரீட்டை, ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் பொதுவான விகிதத்தில் கலக்கும்போது ஒரு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. மணல் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். மிகுந்த தண்ணீர் காய்ந்துபோன இடமெல்லாம் கான்கிரீட்டுக்குள் நுண்ணிய ஓட்டைகளாக நிற்கும்.

இதைப் பேச்சாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல கிளைகள் மேஸ்திரிகளுக்கும் கம்பி கட்டுபவர்களுக்கும் அரைநாள் பயிற்சி வைக்கும். இரண்டு கலவை போடுவார்கள். ஒன்று அளவுத் தண்ணீரில், இன்னொன்று வழக்கம்போலத் தாராளமாக. 150 மில்லிமீட்டர் கட்டிகளாக வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டுவைத்து, அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு அவர்கள் கண்முன்னாலேயே இயந்திரத்தில் வைத்து நொறுக்கிக் காட்டுவார்கள். முதல் கட்டி தாங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்த மேஸ்திரிக்கு அப்புறம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவரே சித்தாளை அதட்டுவார்.

தண்ணீர் விடுவதும் அப்படித்தான். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், வறண்ட வெயிலில் இந்த வகை சிமென்ட்டுக்கு 14 நாள் வரை விடுவது நல்லது. வேலூர் வெயிலுக்கு 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு வருவோம். வேலூரில் 1984இல் தொடங்கிய தனியார் கல்லூரி ஒன்று பெரிய பல்கலைக்கழகமாகியிருக்கிறது. பாகாயத்தில் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் பாலிடெக்னிக்குகள் உண்டு. மாணவர் பிரிவு என்றால் ஐஸ்கிரீம் குச்சியில் பாலம் கட்டும் போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். போட்டி நல்லதுதான். ஆனால் மாணவர்களுக்கு உண்மையில் கிடைக்கும் பலன், படிக்கும்போதே வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் உட்காருவது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளுக்கு அப்பாவின் நண்பர், மாமாவின் கம்பெனி என்று எதுவும் இருக்காது. அவர்களுக்கு இந்தத் தொழிலில் பெயர் சொல்லிப் பேச ஒரு 'சார்' கிடைக்கச் செய்வது கிளைதான்.

டிப்ளமா முடித்து வேலை செய்துகொண்டே படித்தவர்களுக்கு இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஏஎம்ஐஇ தேர்வு நீண்டகாலம் ஒரு கதவாக இருந்தது. அதைப் பட்டத்துக்குச் சமமாக மத்திய அரசு ஏற்றது 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான். இப்போது யாராவது பட்டத்துக்குச் சமம் என்று சொல்லிச் சேரச் சொன்னால் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழிருந்து மேலே போகும் வழி

கிளையிலிருந்து தலைமைக்குப் போகும் ஒரு பாதையும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. ஐஎஸ் நெறிமுறைகளை எழுதுவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குழுக்கள். அந்தக் குழுக்களில் தொழில்முறைச் சங்கங்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. ஒரு நெறிமுறையைத் திருத்தும்போது வரைவை வெளியிட்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் கருத்துக் கேட்பார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். தனி ஆள் எழுதுவதைவிட, ஒரு கிளை உட்கார்ந்து வாசித்து, எங்கள் பகுதியில் இந்த விதி இப்படி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, இதோ பரிசோதனை முடிவுகள் என்று எழுதினால் அதற்குக் கனம் அதிகம். ஆற்றுமணல் போய், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல் வந்த பிறகு கலவை எப்படி மாறியது, கல்குவாரித் தூசி கலந்த சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் இந்தப் பக்கத்துப் பொறியாளர்கள் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவை. அந்த அறிவு மேலே போய்ச் சேர்ந்தால்தான் புத்தகத்தில் வரும்.

எல்லாக் கிளையும் இப்படி உயிரோடு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாடையும் குழுப் புகைப்படமும்தான் நடக்கும். அதே ஐந்து பேர் பொறுப்பில் மாறி மாறி உட்காருவார்கள். பெண் பொறியாளர்கள் இத்தனை பேர் படித்து வந்திருக்க, இரவு எட்டரை வரை இழுக்கும் கூட்டத்தை வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று சொல்வார்கள். நேரத்தை ஐந்து மணிக்கு மாற்றினால் வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன். தவறுகளைப் பேசும் கூட்டங்களும் குறைவு. வெற்றியைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். விழுந்த சுவரைப் பற்றிப் பேச யாரும் மேடை ஏறுவதில்லை. பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், என்ன நடந்தது என்பதை மட்டும் பேசும் ஒரு மாலையை ஒவ்வொரு கிளையும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது வைக்க வேண்டும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

சரி, புதிதாக ஒருவர் சேர வேண்டும் என்றால்? மாணவராக இருந்தால் உங்கள் துறைத் தலைவரிடம் கல்லூரியில் எந்தச் சங்கத்தின் மாணவர் பிரிவு இருக்கிறது என்று கேளுங்கள். கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். வேலையில் இருப்பவர் என்றால் உங்கள் வேலைக்கு நெருக்கமான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வீடு கட்டுகிறவருக்குக் கான்கிரீட், அஸ்திவார வேலை செய்பவருக்கு மண், சாலை வேலைக்கு சாலை. உறுப்பினர் ஆவதற்கு முன்னாலேயே இரண்டு கூட்டத்துக்குச் சும்மா போய்ப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் வேலையில் கோணலாகப் போன ஒன்றின் படத்தைச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போட்டது, என்ன சிமென்ட், வெயிலா மழையா என்பதையும் குறித்து வையுங்கள். முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பேச்சு முடிந்ததும் எழுந்து பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். அப்புறம் வெளியே டீ கொடுப்பார்கள். பாதி விஷயம் அங்கேதான் பேசப்படும்.